மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல

ராயபுரத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டு முழுக்க இப்போது சப்ளிமென்ட்தான். கீழ்த்தட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள், மேல்தட்டில் குழந்தைகளுக்கான பால்பவுடர், கண்மட்டத்தில் இவை. அதில் ஒரு டப்பாவில் மூளை வரைந்திருக்கும். மூளைக்குப் பக்கத்தில் விசிறி போல விரிந்து நடுவில் பிளந்த ஓர் இலை. ஜின்கோ மரத்தின் இலை அது. டப்பாவைத் திருப்பினால் பின்பக்கத்தில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வாசகம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும்.

முன்பக்கம் மூளை, பின்பக்கம் மறுப்பு. இது ஏன் என்று கொஞ்சம் துருவிப் பார்த்தேன். நம் நாட்டு மருந்து விதிகளில் 'ஜே அட்டவணை' என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தக் கோளாறுகளைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். புற்றுநோய், வழுக்கை, சிவப்பழகு என்று போகும் அந்த வரிசையில், மூளைத்திறனைக் கூட்டுவதும் ஞாபகசக்தியை மேம்படுத்துவதும் உண்டு. ஆக, மருந்து என்ற பெயரில் அலமாரிக்கு வந்தால் ஞாபகத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. உணவு என்ற பெயரில் வந்தால், வாயைத் திறக்காமல் படம் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது அந்தக் கடையில் வாங்கியதல்ல. என் அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒரு பொங்கலுக்கு வந்தபோது மூன்று பாட்டில் கொண்டுவந்தான், அமெரிக்கத் தயாரிப்பு. அதிலும் இதே கதைதான். அந்த நாட்டில் 1994-ல் வந்த சப்ளிமென்ட் சட்டத்தின்படி, எந்த நோயையும் கண்டறியவோ தடுக்கவோ குணப்படுத்தவோ இது தயாரிக்கப்படவில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவுக்கு 78 வயது. நான்கு வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. அல்சைமர் என்று டாக்டர் பெயர் சொல்லி இரண்டு வருஷம்.

"தெனம் ரெண்டு குடு பாப்பா. செடிதானே, ஒண்ணும் பண்ணாது. பண்ணா நல்லதுதான் பண்ணும்" என்றான். எனக்கு 48 வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் ரொம்ப நாள் மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் பண்ணாது என்றால் ஏன் வாங்க வேண்டும்? பண்ணும் என்றால், ஒன்றும் பண்ணாது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு பொருள் உடம்பில் ஏதாவது செய்யும் என்றால் வேண்டியதையும் செய்யும், வேண்டாததையும் செய்யும். 'செடி' என்ற சொல்லுக்கு மட்டும் நம் ஊரில் ஒரு சலுகை உண்டு. நல்லது செய்யும்போது அது மருந்து, கெட்டது பற்றிக் கேட்டால் அது வெறும் இலை. அரளியும் ஊமத்தையும் செடிதான் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அதனால் பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகமல்ல, ஆசை. உள்ளே என்ன மூலக்கூறு என்று பார்க்கும் ஆசை. பார்த்தால், அது சாதாரணச் சரக்கே இல்லை. ஜின்கோலைடு என்று பெயர். 1932-ல் ஃபுருகாவா என்ற ஜப்பானியர் இந்த மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான பொருள்களைப் பிரித்தார். அவற்றின் அமைப்பு என்ன என்பது முப்பது வருஷத்துக்கு மேல் பிடிபடவில்லை. செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் கோஜி நகனிஷியும் மாணவர்களும், புயலில் விழுந்த ஜின்கோ மரங்களின் வேர்ப்பட்டையைக் கிலோ கிலோவாக வடித்து 1967-ல் விடை சொன்னார்கள். 20 கார்பன் அணுக்கள், ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட ஆறு ஐங்கோண வளையங்கள், ஓரத்தில் ஒரு மூவிணைய பியூட்டைல் தொகுதி. இந்தக் கடைசிச் சமாச்சாரத்தைப் பதினொன்றாம் வகுப்பில் பெயரிடும் முறை நடத்தும்போது கரும்பலகையில் நூறு முறை வரைந்திருப்பேன். இயற்கையில் கிடைத்த ஒரு பொருளில் அது இருப்பதை முதலில் காட்டியது ஜின்கோலைடுதான் என்பார்கள். 1988-ல் ஹார்வர்டில் ஈ.ஜே. கோரியின் குழு ஜின்கோலைடு-பி-யைச் சோதனைச்சாலையிலேயே கட்டி முடித்தது. 1990-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குப் போனது. ஜின்கோலைடோடு பிலோபலைடு என்று 15 கார்பன் கொண்ட தம்பி ஒன்றும் உண்டு. இந்தக் குடும்பம் வேறு எந்த மரத்திலும் இல்லை.

மரமும் லேசுப்பட்டதல்ல. 20 கோடி வருஷத்துக்கு முந்தைய பாறைகளில் அதன் உறவினர்களின் இலைத்தடம் கிடைக்கிறது. அந்த வம்சத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே இனம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு கருகி நின்ற மரங்களில் சில மறுபடி துளிர்த்தன; அவற்றில் ஜின்கோவும் உண்டு. விளம்பரங்கள் இதை விடுமா? சாகாத மரம், ஆகவே சாகாத ஞாபகம். அக்ரூட் பருப்பு மூளை மாதிரி இருக்கிறது, அதனால் மூளைக்கு நல்லது என்று சொல்வார்களே, அந்த நியாயம்தான். வல்லாரை இலைக்கும் நம் ஊரில் இதையே சொல்கிறார்கள். மரம் தன் வேலையாகத் தன் கசப்பைச் செய்துகொண்டது. ராயபுரத்தில் ஒரு கிழவிக்குத் தன் மகன் பெயர் மறந்துபோகும் என்று அதற்குத் தெரியாது.

இலையை அப்படியே பொடி செய்து மாத்திரையாக்குவதில்லை. ஜெர்மனியில் அறுபதுகளில் உருவாகி, ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட சாறு, சராசரியாக 50 கிலோ காய்ந்த இலைக்கு 1 கிலோ என்ற கணக்கில் எடுக்கப்படுவது. அதில் ஃபிளேவனாய்டு வகை 24 சதவீதம், ஜின்கோலைடும் பிலோபலைடும் சேர்ந்து 6 சதவீதம் என்பது தர அளவு. அதாவது 120 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் நான் மேலே ஆசையாக விவரித்த சமாச்சாரம் சுமார் 7 மில்லிகிராம். இந்த எண்களிலும் கள்ளத்தனம் நடக்கிறது. 24 சதவீதம் காட்ட வேண்டும் என்றால் மலிவாகக் கிடைக்கும் வேறு செடியின் ஃபிளேவனாய்டைக் கலந்து விடலாம். 2015-ல் சீனாவில் ஜின்கோ சாற்றைக் குறுக்குவழியில் தயாரித்தது பெரிய விவகாரமாகி, மருந்து ஆணையம் சரக்குகளைத் திரும்பப் பெறவைத்தது.

ஆனால் கள்ளச் சரக்கு என் கேள்வியல்ல. கள்ளச் சரக்கைத் திட்டுவது சுலபம். நல்ல சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். பாட்டிலில் போட்டிருக்கிற 7 மில்லிகிராமும் உள்ளே இருக்கிறது. அந்த மூலக்கூறு செயல்படும் மூலக்கூறுதான். ரத்தத் தட்டணுக்களைக் கிளப்பிவிடும் ஒரு பொருள் நம் உடம்பில் உண்டு. அது போய் உட்காரும் இடத்தை ஜின்கோலைடு-பி அடைத்துக்கொள்கிறது என்று எண்பதுகளில் பிரான்சில் காட்டினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்து என்ன?

அடுத்து, அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3069 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஜின்கோ, தினமும் இரண்டு வேளை 120 மில்லிகிராம். மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. சராசரியாக ஆறு வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. ஜின்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு மறதி நோய், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு. பிரான்சில் 70 வயதைத் தாண்டிய 2800-க்கும் மேற்பட்டவர்களை ஐந்து வருஷம் பார்த்து 2012-ல் வெளியிட்டதிலும் அல்சைமரைத் தடுத்ததாகக் காட்ட முடியவில்லை. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு 240 மில்லிகிராம் அளவில் சின்னச் சின்னப் பலன் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஜெர்மனியில் டாக்டர்கள் அதை எழுதிக்கொடுக்கவும் செய்கிறார்கள். அந்தப் பலன் வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்குமா என்பதில் சண்டை ஓயவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் முட்டுக்கொடுப்பது நமக்குப் பழகிய விஷயம், எளிதில் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே பொய்க்கு முட்டுக்கொடுப்பது உண்மை. மூலக்கூறு உண்மை, நோபல் பரிசு உண்மை, ஹிரோஷிமா உண்மை, சதவீதம் உண்மை. இத்தனை உண்மைகளையும் வரிசையாக நிறுத்தி, கடைசியில் சொல்ல வேண்டிய ஒரே பொய்யை யாரும் சொல்வதில்லை. அதை நம்மையே சொல்லிக்கொள்ள விட்டுவிடுகிறார்கள். டப்பாவில் 'உன் அம்மாவுக்கு நீ யார் என்று ஞாபகம் வரும்' என்று எங்கேயும் எழுதவில்லை. அதை அண்ணன் எழுதிக்கொண்டான்.

இது புதிதுமல்ல. தொண்ணூறுகளில் பரீட்சை சமயத்தில் 'மெமரி ப்ளஸ்' விளம்பரம் வரும், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் வருவார். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரம்மிச் செடியிலிருந்து பிரித்து ஆராய்ந்த பாக்கோசைடுகள் அதில் இருந்தன. அதற்கும் முன்னால் வல்லாரை. வல்லாரை உண்டவனிடம் மல்லாடாதே என்று பழமொழியே இருக்கிறது. என் மாணவர்களின் அம்மாக்கள் பொதுத்தேர்வுக்கு முன்னால் வல்லாரைத் துவையல் அரைப்பதை நான் கேலி செய்ததில்லை. அது சோற்றோடு போகிற துவையல். பிடித்தால் சாப்பிடுகிறான், பிடிக்காவிட்டால் ஓரமாக ஒதுக்குகிறான். அதுதான் உணவு. டப்பாவின் பின்பக்கத்தில் உணவு என்று எழுதியிருப்பதை யாராவது பசிக்குச் சாப்பிட்டிருக்கிறார்களா?

பொய்யைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் யாராவது வள்ளுவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வாய்மை அதிகாரத்தில் அவரே ஒரு சலுகை கொடுத்திருக்கிறார், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் உட்காரலாம் என்று. கல்யாணத் தரகரிலிருந்து அரசியல்வாதிவரை எல்லோரும் கையில் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டு இது. ஆனால் சீட்டில் நிபந்தனை இருக்கிறது. நன்மை என்று மட்டும் அவர் நிறுத்தவில்லை, அந்த நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, நன்மை யாருக்கு?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் வந்ததல்ல. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வருகிறது. அம்மாவுக்கு அப்போது ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அப்பா விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இன்று அந்தப் பெயர் மெட்ரோ ரயில் நிலையத்தில் மட்டும்தான் இருக்கிறது. அப்பா 2009-ல் போய்விட்டார். அம்மா சமையலறையில் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் தேடுவாள். "சங்கு ஊதிட்டாங்கோடி. உங்கப்பா இன்னும் எந்திரிக்கலியா? நைட் ஷிப்ட்டுக்கு லேட்டாவுது" என்பாள்.

ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் சரி என்று நினைத்து, "அவரு செத்து எவ்ளோ வருஷமாச்சு, இன்னா பேசற நீ" என்றுவிட்டாள். அம்மாவுக்கு அது அன்றைக்கு நடந்த சாவு. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இருபது நிமிஷத்தில் எதற்கு அழுகிறோம் என்பது மறந்துவிட்டது, அழுகை மட்டும் நிற்கவில்லை. எனக்கு இது ரொம்ப விசித்திரமாக இருந்தது. பிறகு படித்தேன், 2010-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதி கெட்டுப்போனவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினால், படத்தில் என்ன பார்த்தோம் என்பது போன பிறகும் சோகம் போகாமல் தங்குகிறது. காரணம் தெரியாத துக்கம். அதைவிடக் கொடுமையாக ஒருத்தருக்கு என்ன செய்துவிட முடியும்?

அதனால் நான் "அப்பா ஷிப்ட்டுக்குப் போயிட்டாரும்மா, இப்பத்தான் டப்பா கட்டிக் குடுத்தேன்" என்கிறேன். அம்மா, "கொழம்பு ஊத்துனியா, வெறும் மோரா?" என்பாள். "கொழம்புதான்" என்பேன். அப்புறம் அவள் உட்கார்ந்து டீ குடிப்பாள். பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பொய்யில் எனக்கு எதுவும் மிச்சமாவதில்லை. நாளைக்கும் இதே நேரத்துக்கு நான் இங்கே நின்று இதே பொய்யைச் சொல்ல வேண்டும். கூடவே, செத்துப்போன அப்பாவுக்குக் குழம்பா மோரா என்று யோசிக்கவும் வேண்டும்.

சில பொய்கள் பொய்தானா என்பதுகூட எனக்குக் குழப்பம். அம்மா பிறந்து வளர்ந்தது கடற்கரையோரத் தெரு ஒன்றில். "வூட்டுக்குப் போலாம்" என்று சிலநாள் அடம்பிடிப்பாள். அந்தத் தெரு இப்போது கடலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போட்டதிலிருந்து, தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே எங்கள் பக்கம் கடல் தின்றது. கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் இப்போது தடுத்து வைத்திருக்கிறார்கள். கல்மேட்டுக்கு அந்தப்பக்கம் அலையைக் காட்டி, அங்கேதான் என் வீடு என்று அம்மா சொன்னால், பக்கத்தில் நிற்பவர் மறதி நோய் என்பார். அந்த விஷயத்தில் அம்மாவுக்கு ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் சாப்பிடுகிறாள். இரண்டும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்யும் மருந்துகள். ஜின்கோலைடு செய்வதும் அந்த வீதியில்தான். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் சாறின் அளவைப் படித்துவிட்டு, "ஏற்கெனவே ரெண்டு ஓடுது. மூணாவது எதுக்கும்மா?" என்றார். அவ்வளவுதான், பிரசங்கம் கிடையாது. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 36 மணி நேரத்துக்கு முன்னாலாவது ஜின்கோவை நிறுத்தச் சொல்லி மயக்க மருத்துவர்களுக்கு 2001-லேயே ஓர் ஆலோசனை வந்திருக்கிறது. அந்த 3069 பேர் ஆய்வில் மூளை ரத்தக்கசிவு, ஜின்கோ பக்கம் 16 பேருக்கும் மறுபக்கம் 8 பேருக்கும் வந்தது. தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவு வித்தியாசம்தான், பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால், ஒன்றும் பண்ணாது என்று தைரியமாகச் சொல்ல இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகக் குற்றமில்லாத நன்மை என்ற நிபந்தனை இங்கேயே இடறுகிறது.

சரி, அம்மாவுக்குக் கொடுக்காமல், அண்ணனிடம் மட்டும் "குடுக்கறேண்ணா" என்று சொல்லிவிட்டால்? அம்மாவுக்குக் கெடுதல் இல்லை. அவனுக்கு நிம்மதி. எனக்குச் சண்டை மிச்சம். வள்ளுவரின் சீட்டைக் காட்டிக் கடந்துவிடலாம் போலத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல என்னிடம் வாயில்லை. கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஓர் ஆளாவது போகாத வீடு எங்கள் தெருவில் குறைவு. வெளியூரிலிருந்து வருகிற பையில் தைலம், டார்ச்லைட், மாத்திரை எல்லாம் இருக்கும். அது மாத்திரையல்ல, வர முடியாத ஒருத்தன் அனுப்புகிற கை. அதை வேண்டாம் என்று தள்ளுவது அவன் கையைத் தள்ளுவது மாதிரி.

ஆனால் நான் சொல்லிக்கொண்ட பொய்யின் கணக்கை அங்கேயும் போட்டுப் பார்த்தேன். அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறார் என்ற பொய்யால் அம்மா தூங்குகிறாள், நான் விழித்திருக்கிறேன். மாத்திரை கொடுக்கிறேன் என்ற பொய்யால் அண்ணன் தூங்குவான், நானும் கொஞ்சம் தூங்குவேன், அம்மா மட்டும் அதே நாலரை மணியில் டிபன் டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பாள். நன்மை அம்மாவின் பெயரில் எழுதப்படுகிறது, பட்டுவாடா எங்களுக்கு. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இரக்கத்தால் சொன்ன பொய் என்று ஒரே பெயர் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அண்ணன் ஊருக்கு வந்தால் தவறாமல் போவான். சொத்து, மனைவி, வியாபாரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டவர் என்கிறது கதை. அப்படிப்பட்டவரும் அம்மாவுக்குக் கொள்ளிவைக்க மட்டும் திரும்பி வந்தார். எல்லாரும் அந்தத் திரும்பி வருதலைத்தான் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். நடுவில் இருந்த வருஷங்களில் அந்தத் தாய்க்கு யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று கதையில் இல்லை. நான் இதை அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். சிரிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் அண்ணனை மட்டும் கூண்டில் நிறுத்தியது போல ஆகிவிடும். 2023-ல் வந்த கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருக்கிறார்கள். எதனால் வருகிறது, எதைத் தள்ளிப்போடலாம் என்று லான்செட் இதழின் நிபுணர் குழு பட்டியல் போட்டிருக்கிறது. பள்ளிப் படிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகை, தனிமை. 2020-ல் அதில் காற்று மாசும் சேர்ந்தது. 2024-ல் 14 காரணிகள் ஆயின. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் 45 சதவீதம்வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்தப் பட்டியலில் ஜின்கோ இல்லை, வல்லாரையும் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மணலி ஆலைகளின் புகையும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் கரியும் வந்து விழுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பது ஒரு மாதிரியாக இருந்தது. அம்மாவுக்கு அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஒரு தனி ஆளைப் பற்றி அப்படிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் ஞாபகத்துக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்றால், செய்ய வேண்டிய பெரிய காரியங்கள் எதுவும் கடையில் விற்பதில்லை. காற்றைப் பாட்டிலில் வாங்கி அனுப்ப அண்ணனால் முடியாது. கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும். சாம்பல் எல்லோருக்கும் பொதுவாக விழுகிறது, மாத்திரை மட்டும் அவரவர் செலவு.

கடைசியில் அவனிடம் சொல்லிவிட்டேன். குடுக்கலண்ணா, டாக்டர் வேணாம்னுட்டார், நானும் படிச்சுப் பாத்தேன், அதுல ஒண்ணும் இல்ல என்று. கோபம் வந்தது. "நீ படிச்சவ, உனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை" என்றான். நாலைந்து நாள் போன் இல்லை. பிறகு ஒரு ராத்திரி கூப்பிட்டான். பட்டறையிலிருந்து விடுதிக்குத் திரும்பும் லாரியில் இருந்தான், பின்னால் இரைச்சல். "அப்ப நான் இன்னாதான் பண்றது, அதச் சொல்லு" என்றான்.

இந்தக் கேள்விக்கு மருந்துக்கடைக்காரரிடம் பதில் இருக்கிறது, விலையோடு. என்னிடம் இல்லை. கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, சாயங்காலம் அம்மாவைச் சமாளிக்கிறது கஷ்டமா இருக்கு, அந்த நேரத்துல பேச முடியுமா என்று கேட்டேன். இங்கே ஐந்தரை என்றால் அங்கே எட்டு மணி. முடியும் என்றான். பாட்டிலுக்கு ஆகிற காசை, மத்தியானம் நான் பள்ளியில் இருக்கும்போது அம்மாவோடு உட்கார்ந்திருக்கிற எதிர்வீட்டு அக்காவுக்கு அனுப்புகிறான். அதுவும் எல்லா மாசமும் இல்லை.

வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் வீடியோவில் வருகிறான். அம்மாவுக்கு அவன் மகன் என்று தெரிவதில்லை. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த தன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறாள். மாமா செத்து ரொம்ப காலம் ஆகிறது. முதல் நாள் அண்ணன், "அம்மா, நான்மா" என்று தன் பெயரை மூன்று தடவை சொன்னான். அப்புறம் விட்டுவிட்டான்.

"இன்னிக்கு இன்னா மீனு?" என்று கேட்பாள்.

"வஞ்சிரம்க்கா" என்பான்.

"வஞ்சிரம் வெல விப்பானே. சங்கரா எடுத்துனு வா" என்பாள்.

அவன் பின்னால் துவைத்துப் போட்ட பனியன்கள் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஈரக் கையைத் துடைத்தபடி, நாளைக்கு எடுத்துனு வரேன்க்கா என்பான்.